ஏமாற்றத்துக்கும் ஒரு முகவரி வேணும்

(2025 ஜூலையில் ஒலிப்பதிவு செய்த எபிசோடின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)

 

இண்டைக்கு ஒரு பஸ் கதையோட தொடங்கிறன். மே 5ஆம் திகதி இரவு, வெள்ளவத்தையில யாழ்ப்பாண பஸ்ஸுக்காக நிற்கிறேன். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, உள்ளூராட்சித் தேர்தல். எனக்கு வேலை கொழும்பில் என்றாலும், வாக்காளர் இடாப்பில் என் பெயர் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. அதனால் ஒரு வோட்டுக்காக கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர்.

அந்த நேரம் பார்த்து மெல்பேர்னில இருக்கிற என் நண்பியிட்ட இருந்து வொட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் வருது. "மச்சான், ஒரு வாய்க்காலுக்கு வோட் போட இவ்வளவு தூரம் போறியா? உனக்கு வேற வேலை இல்லையா?" சிரிச்சுப்போட்டு விட்டேன்.

விடிய வீட்டுக்குப் போய் இறங்கினால் அப்பாவும் அதையேதான் சொல்கிறார், கொஞ்சம் வேற மாதிரி. "போட்டென்ன, போடாமல் விட்டென்ன பிள்ளை, ஆர் வந்தாலும் எங்கட ஒழுங்கைக்குள்ள வெள்ளம் நிக்கும்." சொல்லிப்போட்டு அவர் ஷேர்ட் போட்டுக்கொண்டு வோட் போட வெளிக்கிட்டார், அது வேற விஷயம். ஆனால் எங்கட ஒழுங்கையில வோட் போடாமல் வீட்டில் இருந்தவர்கள் நிறையப் பேர். 2024 செப்டெம்பரில் வரிசையில் நின்ற அதே ஆட்கள்.

அந்த எட்டு மாதத்துக்குள் என்ன நடந்தது? இண்டைக்கு கதைக்கப் போறது அதைப் பற்றித்தான்.

எண்கள் என்ன சொல்லுது

முதலில் நாட்டு அளவில் பார்ப்பம். 2024 செப்டெம்பர் 21, ஜனாதிபதித் தேர்தல். வாக்களிப்பு 79 வீதம் அளவில். நவம்பர் 14, பாராளுமன்றத் தேர்தல். 69 வீதம் அளவில். இந்த வருஷம் மே 6, உள்ளூராட்சித் தேர்தல். 60 வீதத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு நவம்பரில் கிடைத்தது 68 லட்சம் வாக்குகளுக்கு மேல். மே மாதத்தில் 45 லட்சம். ஆறு மாதத்தில் 20 லட்சத்துக்கும் மேல் குறைவு. அவர்கள் பெரும்பாலான சபைகளில் முதலாவதாக வந்தார்கள், அது உண்மை. ஆனால் காணாமல் போன அந்த வாக்குகள் எல்லாம் எதிர்க்கட்சிக்கும் போகவில்லை. பெரிய பங்கு வீட்டிலேயே இருந்துவிட்டது.

உடனே ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும். "உள்ளூராட்சித் தேர்தல் எண்டா அப்பிடித்தான், ஆருக்கும் அக்கறை இல்லை." ஆனால் கடைசியாக நடந்த உள்ளூராட்சித் தேர்தலைப் பாருங்கோ. 2018 பெப்ரவரி 10. நாட்டு வாக்காளர்களில் முக்கால் பங்குக்கு மேல் வந்து வாக்களித்தார்கள். அதே வாய்க்கால், அதே தெருவிளக்கு, அதே குப்பை. அப்ப அக்கறை இருந்தது. ஆக, இது பிறவிக்குணம் இல்லை. 2018க்கும் 2025க்கும் நடுவில் எதையோ நாங்கள் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

நான் சொப்ட்வெயார் எஞ்ஜினியர். ஒரு சிஸ்டம் விழுந்தால் "யூசருக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கை எழுத முடியாது. எந்த இடத்தில், எப்போது உடைந்தது என்று நேரப்படி எழுதித்தான் ஆரம்பிப்போம். அதையே இங்கேயும் செய்வம்.

நடக்காத தேர்தல்

2018இல் தெரிவான சபைகளின் காலம் நான்கு வருஷம். 2022 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். ஒரு வருஷம் நீட்டினார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பால்மா இல்லை, மருந்து இல்லை. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கு வெளிநாடு போனார்கள். என் டீமிலேயே வாரத்துக்கு ஒரு பிரியாவிடை கேக். மெல்பேர்ன் நண்பி போனதும் அப்போதுதான்.

2023 ஜனவரியில் புதிய சபைகளுக்கு வேட்புமனு எடுத்தார்கள். 80,000க்கு மேற்பட்ட வேட்பாளர்கள். மார்ச் 9 தேர்தல் என்று திகதியும் குறித்தாயிற்று. பிறகு திறைசேரியில் காசு இல்லை என்றார்கள். செலவு 1,000 கோடி ரூபாய் அளவில் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்த வருஷ வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக்கூடாது என்று மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அப்படியும் தேர்தல் நடக்கவில்லை. ஏப்ரல் 25க்கு மாற்றினார்கள். பிறகு திகதியே இல்லை.

மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் காலம் முடிந்தது. மாநகர சபைகளை ஆணையாளர்களும், நகர சபை, பிரதேச சபைகளைச் செயலாளர்களும் பொறுப்பெடுத்தார்கள். அடுத்த நாள், மார்ச் 20, சர்வதேச நாணய நிதியத்தின் சபை இலங்கைக்கு 300 கோடி டொலர் அளவிலான நான்கு வருஷத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது.

இந்த இரண்டு திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நான் சொல்லவில்லை. தற்செயல்தான். ஆனால் ஒரு சாதாரண வாக்காளர் அந்த இரண்டு நாளில் வாழ்ந்த அனுபவம் என்ன? 19ஆம் திகதி, உங்கட தெருவைப் பற்றி முடிவெடுக்க நீங்கள் தெரிவுசெய்தவர் ஒருவரும் இல்லை. 20ஆம் திகதி, உங்கட வரியையும் கரண்ட் பில்லையும் பற்றிய பெரிய முடிவுகள் வோஷிங்டனில் கைச்சாத்தான ஒரு திட்டத்துக்குள் போய்விட்டன. கீழேயும் உங்கட கை இல்லை, மேலேயும் இல்லை.

இதில வேட்பாளர்களையும் மறக்கக்கூடாது. வேட்புமனு போட்ட அரச ஊழியர்கள் சட்டப்படி வேலையில் இருந்து விலகி நிற்க வேண்டி இருந்தது. தேர்தலும் இல்லை, வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை என்று பலர் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். அரசியலுக்கு வாறவனுக்கு நாங்கள் கொடுத்த வரவேற்பு அது.

2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களுடைய அடிப்படை உரிமை மீறல். அதற்குத் தேர்தல் ஆணைக்குழுவும், அப்போது நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்கவும் பொறுப்பு. இந்த வருஷம் பெப்ரவரியில் பழைய வேட்புமனுக்களை ரத்துச் செய்து பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் மே 6. இரண்டு வருஷத்துக்கு மேல் நாட்டில் கிட்டத்தட்ட எந்தத் தெருவுக்கும் தெரிவான ஒரு சபை இருக்கவில்லை.

இங்க நான் ஒரு விஷயம் ஒத்துக்கொள்ள வேணும். 2023இல் இந்தச் செய்தி வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. "காசில்லாத நேரத்தில தேர்தல் என்னத்துக்கு" என்று ஒபிஸ் கன்டீனில் நானே சொல்லியிருக்கிறேன். சுற்றி இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். கரண்ட் பில்லைப் பார்த்துப் பயந்து போயிருந்த நேரம் அது. 1,000 கோடி மிச்சம் என்றுதான் தோன்றியது. என்ன விலைக்கு மிச்சம் பிடித்தோம் என்று எங்கட ஒழுங்கைக்குள் தண்ணி நின்றபோதுதான் விளங்கியது. அந்தக் கதைக்குப் பிறகு வாறன்.

ஆள் மாறினார், பில் மாறவில்லை

இனி மேல்மாடிக்குப் போவம். பொருளாதாரக் கொள்கை.

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அரசாங்க வருமானத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. பிறகு அதே வரி 12, 15, கடைசியில் 2024 ஜனவரியில் 18 வீதம். கரண்ட் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிற ஆளும் கார் வாங்கிற ஆளும் ஒரே வரிசையில் நின்று அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

மக்கள் அதை மாற்றத்தான் 2024இல் வோட் போட்டார்கள். அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆனார். பாராளுமன்றத்தில் 225இல் 159 ஆசனங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட 6இல் 3. எங்கட அப்பப்பா காலத்தில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். அவ்வளவு பெரிய நம்பிக்கை அது.

பிறகு? நாணய நிதியத் திட்டம் தொடர்ந்தது. 18 வீதம் 18ஆகவே இருந்தது. ஜனவரியில் கரண்ட் கட்டணம் சராசரி 20 வீதம் குறைந்தது, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். செலவை மீட்கிற மாதிரித்தான் விலை இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து அடுத்த மாதம், ஜூனில், 15 வீதம் திரும்பக் கூடியது.

நியாயமாகவும் கதைக்க வேணும். அந்தத் திட்டத்தை உதறிவிட்டு 2022 வரிசைகளுக்குத் திரும்பிப் போவம் என்று நான் சொல்லவில்லை. விலை ஏறுகிற வேகம் அடங்கியது, பெற்றோல் கிடைக்குது, மருந்து கிடைக்குது. வோட்டால் ஒன்றுமே மாறவில்லை என்பதும் பொய். மாதம் ஒரு லட்சம் ரூபாயில் தொடங்கிய வருமான வரி இந்த ஏப்ரலில் இருந்து ஒன்றரை லட்சத்தில்தான் தொடங்குது. என் சம்பளத் தாளில் அது தெரியுது. ஆனால் மாதச் சம்பளத் தாளே இல்லாதவருக்கு அது தெரியாது. கூலி வேலைக்குப் போகிற எங்கட பக்கத்து வீட்டு அண்ணாவுக்குத் தெரிகிறது பாண் விலை, கரண்ட் பில், பஸ் காசு. அந்த மூன்றும் ஆட்சி மாறியதை அவருக்குச் சொல்லவில்லை.

ஆக, அவர் கற்றுக்கொண்ட பாடம் இது: மேலே வோட் போட்டால் ஆள் மாறும், கணக்கு மாறாது. கீழே வோட் போடவே விடமாட்டார்கள். விட்டாலும் பிந்தி விடுவார்கள். இதைக் கற்ற மனிசன் மே 6ஆம் திகதி வீட்டில் இருந்தால், அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எந்த மாடியில் தட்டுவது?

ஆனால் அவர் பாடத்தில் ஒரு பிழையும் இருக்கு. எங்கள் எல்லாருடைய பாடத்திலும் இருக்கு. நாங்கள் எல்லாக் கோபத்தையும் ஒரே கதவில் தட்டுகிறோம்.

ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கோ. ஏ, பி வகுப்பு வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, அதாவது மத்திய அரசாங்கம். சி, டி வகுப்பு என்றால் மாகாணம். உள்ளூர் ஒழுங்கை என்றால் பிரதேச சபை. அந்த ஒழுங்கையில் நிற்கிற கரண்ட் கம்பம் மின்சார சபையுடையது, அதில் எரிகிற தெருவிளக்கு பிரதேச சபையுடையது. குழாய்த் தண்ணி நீர் வழங்கல் சபை. குப்பை பிரதேச சபை. பொலிஸ் மத்தி. பள்ளிக்கூடம் பெரும்பாலும் மாகாணம், தேசிய பாடசாலை என்றால் மத்தி. ஒரே ஒழுங்கையில் மூன்று மாடி அரசாங்கம்.

இதில் நடு மாடி இப்போது பூட்டிக் கிடக்கு. வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே ஒரு தரம், 2013இல். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள், எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருஷம் பாராளுமன்றமே நிராகரித்தது, அதோடு நின்றதுதான். இது வடக்குக்கு மட்டும் இல்லை. ஒன்பது மாகாணமும் இன்று ஆளுநர்களின் கையில். கடைசி மாகாண சபைத் தேர்தல் நாட்டில் நடந்தது 2014இல். அப்போது நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன்.

நடு மாடி பூட்டியிருந்தால் மாகாணத்தின் வேலைக்கான கோபமும் கீழே இறங்கி பிரதேச சபை உறுப்பினரிடம்தான் வரும். ஏனென்றால் தெருவில் கண்ணில் படுகிற ஒரே அரசியல்வாதி அவர்தான். அவரிடம் என்ன இருக்கு? கொஞ்சம் சோலை வரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை. நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் பெரும் பகுதி மேலே இருந்துதான் வருது. நாங்கள் அவரிடம் கேட்பதோ வேலைவாய்ப்பும் அரிசி விலையும்.

அதே நேரம் அவர்களை முழுசாக விட்டுவிடவும் முடியாது. 2018இல் வந்த புதிய தேர்தல் முறையில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். உறுப்பினர் தொகை 8,000க்கு மேல் போனது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தது, அது நல்ல விஷயம். ஆனால் பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனது. யாழ். மாநகர சபையையே பாருங்கோ. 2020 முடிவில் பாதீடு இரண்டு முறை தோற்று மேயர் இம்மானுவேல் ஆனோல்ட் பதவி இழந்தார். மணிவண்ணன் வந்தார். 2023 ஜனவரியில் திரும்பவும் ஆனோல்ட். இரண்டு பக்கமும் தமிழ்த் தேசியம் கதைக்கிற ஆட்கள். குப்பை அள்ளும் பாதீட்டில்கூட ஒத்துப்போக முடியவில்லை. இந்த முறை கொழும்பு மாநகர சபையிலும் 117இல் 48 ஆசனம்தான் முதல் கட்சிக்கு. ஜூனில் இரகசிய வாக்கெடுப்பு வைத்துத்தான் மேயரைத் தெரிவு செய்தார்கள். அந்த வாரம் முழுக்க செய்தி எல்லாம் யார் யாருக்குக் கை கொடுத்தார் என்பதுதான். வடிகால் பற்றி ஒரு சொல் இல்லை.

எங்கட ஒழுங்கைத் தண்ணி

சரி, வாக்குக் கொடுத்த கதை.

2023 மாரி. எங்கட ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணி, நாலு நாள். கடைசி வீட்டு அம்மம்மாவுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் டயாலிசிஸ். ஆட்டோ உள்ளே வராது. அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணாவும் பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்குக் கொண்டு போனார்கள். ஒரு நாள் போக முடியாமல் தவறியது. அதற்குப் பிறகு அவ கொஞ்சம் தளர்ந்துதான் போனா. அடுத்த வருஷம் மாரிக்கு முதலே காலமானா. தண்ணியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதிரை எனக்கு மறக்காது.

அம்மா பிரதேச சபைக்குக் கடிதம் எழினா. வாய்க்காலைத் துப்பரவு செய்து அகலப்படுத்தச் சொல்லி. அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்திருக்கிறார்கள். "அம்மா, இப்ப சபை இல்லை. புதுசா வேலை எடுக்கிறது எண்டா மேல கேக்க வேணும். எலெக்ஷன் வந்த பிறகு பாப்பம்." எலெக்ஷன் வந்த பிறகு. கன்டீனில் நான் மிச்சம் பிடித்த 1,000 கோடியில் எங்கட பங்கு அது.

இந்த மே மாதம் வோட் போட்டுவிட்டு வந்தேன். யார் வென்றார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. ஜூனில் சபை கூடியது. அம்மா புது வட்டார உறுப்பினரை வீட்டுக்கே கூப்பிட்டா. அந்தத் தம்பிக்கு என் வயசுதான் இருக்கும். வாய்க்காலோடயே நடந்து போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார், "அன்ரி, வாய்க்கால் எங்கட. அதை நாங்கள் துப்பரவாக்குவம். ஆனா தண்ணி போய் முட்டிறது அந்தப் பெரிய ரோட்டு மதகில. மதகு சின்னன். அந்த ரோட்டு மாகாணத்தின்ர. அதில நாங்கள் கை வைக்க ஏலாது."

அம்மா எனக்குப் போன் எடுத்துச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இவ்வளவு வருஷமும் எங்களுக்கு இது தெரியாது. கடிதம், ஏச்சு, தேர்தல் நேரத்துக் கேள்வி, எல்லாம் பிழையான கதவில். வேலையில் இதுதான் எங்களுக்குப் பழகிய தலையிடி: ரிக்கெட் பிழையான டீமுக்குப் போய்க் கிடக்கும். அவர்கள் தங்கட வேலை இல்லை என்று மூடி விடுவார்கள். யூசருக்குத் தெரிவது ஒன்றுதான், பிரச்சினை அப்படியே இருக்கு.

இப்போது இரண்டு ரிக்கெட். வாய்க்காலுக்குப் பிரதேச சபை. அதை இந்த மாதம் துப்பரவாக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மதகுக்கு மாகாண வீதித் திணைக்களம். அங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், அந்த மதகைப் பெருப்பிக்கத் திட்டம் இருக்கா, இருந்தால் எந்த வருஷம் என்று. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேணும். நாங்கள் 2023இலேயே இதைப் போட்டிருக்கலாம், சபை இல்லாவிட்டாலும். எனக்குத் தெரியவில்லை. சேர்வர் விழுந்தால் இரவிரவாக இருந்து காரணம் தேடுகிற நான், எங்கட சபைக்கு எது சொந்தம் என்று ஒரு நாள்கூடத் தேடிப் பார்க்கவில்லை.

மதகு இந்த மாரிக்கு முதல் சரிவருமா? பெரும்பாலும் வராது. மாகாணத்தில் அதைப் பற்றிக் கேட்க நாங்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லை. இப்போது எனக்கு மாகாண சபைத் தேர்தல் என்பது தொலைக்காட்சி விவாதத்தில் வருகிற அதிகாரப் பகிர்வுக் கதை மட்டும் இல்லை. அந்த மதகு.

அப்ப என்ன செய்யிறது?

எனக்குப் பெரிய தீர்வு ஒன்றும் தெரியாது. கடன் திட்டத்தை மாற்றி எழுத என்னால் முடியாது. ஆனால் நான் செய்யத் தொடங்கியதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, உங்கட வட்டாரம் எது, உறுப்பினர் யார், அவருடைய நம்பர் என்ன என்று தேடி எடுங்கோ. கொழும்பில் வாடகைக்கு இருக்கிறவர்களும்தான். இரண்டு, ஒரு பிரச்சினையை எடுத்து அது எந்த மாடி என்று கண்டுபிடியுங்கோ. ஒன்றே ஒன்று போதும். மூன்று, டிசம்பரில் சபைகள் பாதீடு நிறைவேற்றும். அதற்கு முதல், உங்கட சோலை வரி எவ்வளவு சேர்ந்தது, உங்கட வட்டாரத்தில் எவ்வளவு செலவானது என்று எழுத்தில் கேளுங்கோ.

மற்றது, தேர்தலைப் பின்போடுவது சிக்கனம் என்று அடுத்த முறை யாரும் சொன்னால், அது நானாக இருந்தாலும், நம்பாதேங்கோ.

மெல்பேர்ன் நண்பிக்கு இதெல்லாம் சொன்னேன். வெளிநாட்டில் இருந்து வோட் போட எங்கட நாட்டில் இன்னும் வழி இல்லை. கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு எழுதினாள்: "மதகின்ர போட்டோ இருந்தா அனுப்பு." அவளும் அந்த ஒழுங்கையில் வளர்ந்தவள்தான். கடைசி வீட்டு அம்மம்மா அவளுடைய அம்மம்மா.

போட்டோ அனுப்பினேன். விண்ணப்பத்துக்குப் பதில் வந்தவுடன், என்ன வந்தாலும், அதை இந்த பொட்காஸ்டில் வாசிக்கிறேன். உங்கட தெருக் கதைகளையும் அனுப்புங்கோ. எந்த மாடி என்று சேர்ந்து தேடுவம்.